மணமும் குடியுரிமையும்

நம் காலனிப் பூங்காவில் மாலை நேரத்தில் கூடும் பெரியவர்களின் உரையாடலைச் செவிமடுப்போர்க்கு ஒரு மாறுதல் புலனாகாமற் போகாது. ஒரு தலைமுறைக்கு முன்னர் மாற்றல் உத்தரவும், அகவிலைப்படியும், கோடை விடுமுறைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்ததும் கிடைக்காததும் அவர்தம் பேச்சில் முதலிடம் பெற்றிருந்தன. அவ்விடத்தை இப்பொழுது எச்-1பி விசாவும் கிரீன் கார்டும் கைப்பற்றிக்கொண்டன. வேலை விசாவில் அமெரிக்கா சென்ற பெண், அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற ஒருவரை மணந்தால் அங்கேயே நிலையாகத் தங்கிவிடலாமா? கிரீன் கார்டு மட்டுமே பெற்றிருக்கும் மாப்பிள்ளையாயின் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? முகூர்த்தத்தை முன் தள்ளுவதா, பின் தள்ளுவதா? சோதிடரைக் கேட்க வேண்டிய கேள்விகளை வழக்கறிஞரைக் கேட்க வேண்டிய காலம் வந்துற்றது.

சட்ட ஆலோசனை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு உரியவர் வேறு உளர். விதிகளும் அடிக்கடி மாறுந் தன்மையன. ஆயினும் இவ்விதிகள் நேற்றுப் பிறந்தவை அல்ல. மணத்தினால் ஒரு நாட்டில் வாழும் உரிமை வருமா, போகுமா என்னும் வினா அமெரிக்கச் சட்டத்தில் நூற்றெழுபது ஆண்டுகளாக நிலவி வருகிறது. அதில் இந்தியருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு பலரும் அறியாதது, கசப்பானதும் ஆகும்.

1855-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்கக் குடிமகன் ஒருவனை மணக்கும் அயல்நாட்டுப் பெண், மனு எதுவும் கொடாமலே, மணம் புரிந்த அளவிலேயே அமெரிக்கக் குடிமகள் ஆவாள் என்று அச்சட்டம் விதித்தது. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். அதன் உட்கருத்தோ, மனைவிக்கெனத் தனியே ஒரு நாடு இல்லை, கணவனின் நாடே அவள் நாடு என்பதாம். ‘கல்லானாலும் கணவன்’ என்னும் நம் பழமொழியை ஆங்கிலேயப் பொதுச் சட்டம் வேறொரு வகையில் ஏற்றுக்கொண்டிருந்தது போலும்! அத்தாராளத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. குடியுரிமை பெறும் தகுதி சுதந்திரரான வெள்ளையர்க்கே உண்டு என்று 1790-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. 1870-இல் ஆப்பிரிக்க வமிசத்தாரும் சேர்க்கப்பட்டனர். ஆசியப் பெண்ணுக்கு 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விளைந்த பயன் ஏதுமில்லை.

கணவனின் நாடே மனைவியின் நாடு என்னும் கொள்கையை 1907-இல் அமெரிக்கக் காங்கிரஸ் மறுபுறமும் திருப்பிற்று. அயல்நாட்டானை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்று சட்டம் பிறந்தது. தான் பிறந்த ஊரிலேயே, தான் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தாலும் அவள் அயலவளே. கலிபோர்னியாவில் பிறந்த எத்தல் மெக்கன்சி என்னும் மாது, ஸ்காத்லாந்துப் பாடகர் ஒருவரை 1909-இல் மணந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பாடுபட்டவர் அவர். 1911-இல் கலிபோர்னியப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றபின், 1913-இல் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் பதியச் சென்றபோது, ‘நீர் பிரிட்டிஷ் பிரஜை’ என்று திருப்பி அனுப்பப்பட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. அயலானை மணந்தால் குடியுரிமை போகும் என்பது தெரிந்தே மணந்தாராதலின், தாமே விரும்பி அதனைத் துறந்தவராகக் கொள்ளப்படுவார் என 1915-இல் தீர்ப்பாயிற்று. எவ்வுரிமைக்காகப் போராடினாரோ அவ்வுரிமை கைக்கு எட்டிய வேளையில் வாய்க்கு எட்டாமற் போயிற்று.

பெண்களின் இடைவிடா முயற்சியால் 1922-இல் கேபிள் சட்டம் நிறைவேறியது. மணத்தால் பெண்ணின் குடியுரிமை தானே வருவதுமில்லை, தானே போவதுமில்லை என்னும் நெறி அதனால் ஏற்பட்டது. ஆனால் ஒரு விலக்கை மட்டும் விட்டுவைத்தனர்: குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலானை மணக்கும் பெண் தன் உரிமையை இழந்தே தீருவாள். தகுதியற்றவர் யாவர்? ஆசியர்.

அடுத்த ஆண்டே இவ்விலக்கு இந்தியர் தலையில் விழுந்தது. பகத் சிங் திண்டு என்னும் பஞ்சாபியர் முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் சேனையில் பணி புரிந்தவர். இந்தியரும் ஆரிய வமிசத்தார், ஆகவே வெள்ளையரே என்பது அவர் தரப்பு வாதம். அவ்வாதத்தின் சிறப்பை நாம் இப்பொழுது மெச்ச வேண்டுவதில்லை. அக்காலச் சட்டத்தில் வேறு வாயில் இருக்கவில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்ளலாம். 1923 பிப்ரவரி 19-இல் சுப்ரீம் கோர்ட் அதனை மறுத்தது. சாதாரண மனிதன் எவரை வெள்ளையர் என்று கருதுவானோ அவரே வெள்ளையர், இந்தியர் அல்லர் என்றது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரின் பத்திரங்களை ரத்துச் செய்ய அரசாங்கம் வழக்குத் தொடுத்தது.

தாரக்நாத் தாஸ் என்னும் வங்காளத் தேசபக்தர் 1914-இலேயே அமெரிக்கக் குடிமகன் ஆனவர். மேரி கீட்டிங் மோர்ஸ் என்னும் அமெரிக்க மாதை அவர் 1924-இல் மணந்தார். திண்டு தீர்ப்பின்படி தாஸ் தகுதியற்றவர்; கேபிள் சட்டத்தின்படி தகுதியற்றவரின் மனைவி அமெரிக்கர் அல்லர். பரம்பரையாக அமெரிக்கரான அம்மாது எந்த நாட்டுக்கும் உரியரல்லராய் நின்றார். நாடற்ற பெண்ணாகத் தாம் ஆக்கப்பட்ட கதையை 1926-இல் ‘தி நேஷன்’ பத்திரிகையில் அவரே எழுதினார். இந்தியரை மணப்பதனால் அந்நாட்டில் உரிமை வருமா என்று நாம் இன்று கேட்கிறோம். அன்று இந்தியரை மணந்ததனால், அந்நாட்டிலேயே பிறந்தவரின் உரிமையும் போயிற்று.

எல்லா வழக்கும் அரசாங்கத்துக்குச் சாதகமாகவே முடிந்தன என்று எண்ண வேண்டா. சகாராம் கணேச பண்டிதர் என்னும் வழக்கறிஞர் தம் வழக்கைத் தாமே வாதாடினார். குடியுரிமை உண்டென்னும் நம்பிக்கையிலன்றோ தாம் தொழில் ஏற்றதும், அமெரிக்கப் பெண்ணை மணந்ததும் என்றும், அதனை இப்பொழுது பறித்தால் தம் மனைவியின் உரிமையும் அழியும் என்றும் அவர் எடுத்துரைத்தார். 1926-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் இத்தகைய வழக்குகளை அரசாங்கம் கைவிடத் தொடங்கியது. பெண்களைப் பற்றிய விலக்கு 1931-இல் நீங்கியது.

கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழுது வாழ்ந்த பஞ்சாபி விவசாயிகளின் கதை தனியே ஒரு நூலுக்கு உரியது. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர 1917-ஆம் ஆண்டுச் சட்டம் தடை. வெள்ளைப் பெண்ணை மணக்க மாநிலச் சட்டம் தடை. மெக்சிகோ வமிசத்துப் பெண்களை மணந்து அவர்கள் இல்லறம் நடத்தினர். ரொட்டியும் தொர்த்தியாவும் ஒரே அடுப்பில் வெந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பிறப்பால் அமெரிக்கர். தந்தையர் மட்டும் அயலவர். 1946 ஜூலை 2-இல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டம்தான் இந்தியர்க்குக் குடியுரிமைக் கதவைத் திறந்தது. ஆண்டொன்றுக்கு நூறு இந்தியர் குடியேறலாம் என்று இடமும் அளித்தது. நூறே பேர்! நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு பந்திக்கு அமர்வோர் அதனினும் மிகுதி.

1952-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய விதிகள் பலவற்றிற்குத் தாய். ட்ரூமன் அதனை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியும், காங்கிரஸ் மீண்டும் நிறைவேற்றியது. இன அடிப்படையில் குடியுரிமையை மறுக்கும் வழக்கம் அதனோடு ஒழிந்தது. அதுவரை அமெரிக்கரின் மனைவிக்கு இருந்த சலுகை, அமெரிக்கப் பெண்ணின் கணவனுக்கும் சமமாகக் கிட்டியது. நம் பொருளுக்கு இன்றியமையாத மற்றொன்றும் அதில் இருந்தது. தற்காலிக விசாவில் உள்ளே வந்தவர், நாட்டை விட்டு வெளியேறாமலே நிரந்தர நிலைக்கு மாறலாம் என்னும் 245-ஆம் பிரிவே அது. அதற்கு முன்னர் அமெரிக்காவிலேயே வாழ்பவரும் கனடா சென்று, அங்குள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விசா பெற்று, மீண்டும் எல்லை கடந்து வரவேண்டியிருந்தது. மூக்கைத் தலையைச் சுற்றித் தொடும் வித்தை!

1965-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டு வாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கியது. குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை என்னும் நெறி அதிலும் தொடர்ந்தது, இன்றும் நிற்கிறது. தொழில் வழியாக நிரந்தர உரிமை கோரும் இந்தியர் பத்தாண்டுக்கு மேலும் வரிசையில் நிற்க, குடிமகனை மணந்தவர் அவ்வரிசையில் நில்லாமல் போவதற்கு இதுவே காரணம். நிரந்தரக் குடியிருப்பாளர், அதாவது கிரீன் கார்டு மட்டும் பெற்றவர், குடிமகன் அல்லர். அவருடைய துணைவர்க்கு ஆண்டு வரம்பு உண்டு, வரிசையும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாந்த குடும்பங்கள் நம்மிடையே பல.

சலுகை இருக்குமிடத்தில் போலியும் முளைக்கும். போர்வீரர் மனைவியர்க்கென 1945-இல் இயற்றிய சட்டத்தைப் பயன்படுத்திச் சிலர் பாரிசுக்குச் சென்று, சேர்ந்து வாழும் எண்ணம் சிறிதுமின்றிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு உறவினரைக் கொணர்ந்தனர். லுட்வாக் வழக்கெனப்படும் அதில், சடங்கு முறையாக நடந்ததா என்பதன்று, இருவரும் கணவன் மனைவியாக வாழ எண்ணினரா என்பதே வினா என்று 1953-இல் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. பின்னாளில் மனம் வேறுபட்டுப் பிரிந்தாலும், மணந்த நாளில் எண்ணம் மெய்யாக இருந்தால் அது மெய்யான மணமே என்று 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தெளிவாக்கியது. இத்தீர்ப்பு போற்றத்தக்கது. எல்லா மணமும் இனிதே நிலைப்பதில்லை என்பதை நீதிபதிகளும் அறிந்திருந்தனர்.

காங்கிரஸ் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. 1985-இல் செனட் சபைக் குழுவின் முன், இத்தகைய மணங்களில் நூற்றுக்கு முப்பது போலி என்று குடியேற்றத் துறையினர் கூறினர். 1986-இல் கடுமையான சட்டம் வந்தது. அக்கணக்கோ பிழையான ஆய்வில் எழுந்தது எனப் பின்னர் அத்துறையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சட்டம் மட்டும் நின்றுவிட்டது. அதன்படி, மணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கிரீன் கார்டு பெறுவோர்க்கு அது நிபந்தனையுடன் இரண்டு ஆண்டுக்கே வழங்கப்படும். அத்தவணை முடிவதற்கு முந்தைய தொண்ணூறு நாட்களுக்குள் கணவனும் மனைவியும் கூட்டாக ஐ-751 என்னும் மனுவில் கையெழுத்திட்டு நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, நிழற்படங்கள் எனச் சான்று காட்ட வேண்டும்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கூட்டாகக் கையெழுத்து என்றால், ஒருவர் மறுத்தால் மற்றவர் கதி என்னாவது? அடித்துத் துன்புறுத்தும் கணவனும் கையெழுத்தைக் காட்டி மிரட்டலாமன்றோ? 1990-இல் கொடுமைக்கு உள்ளானவர்க்கு இதில் விலக்கு அளித்தனர். 1994-இல் அத்தகையோர் துணைவரின் உதவியின்றித் தாமே மனுச் செய்யவும் வழி வகுத்தனர். குடிமகனான கணவன், மணமான இரண்டு ஆண்டுக்குள் இறந்துவிட்டால் மனைவியின் மனுவும் அவனோடு இறக்கும் என்றிருந்த கொடுமை 2009-இல்தான் ஒழிந்தது. 1855-இல் கண்ட பழைய கருத்து, அதாவது மனைவிக்கெனத் தனியே நிற்க இடமில்லை என்பது, வேறு வேடம் தரித்து இவ்வளவு நீண்ட காலம் உலவியிருக்கிறது.

வேலை விசாவின் சிறப்பு ஈண்டு விளங்கும். மாணவர் விசாவில் இருப்பவரும் சுற்றுலா விசாவில் வருபவரும் ஊர் திரும்பும் எண்ணமுடையவராக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். முன்னாளைய எச்-1 விசாவுக்கும் அதே விதி. நிலையாகத் தங்க மனுச் செய்தால் அதுவே அவருக்கு எதிரான சான்றாகிவிடும். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி என்னும் வகையை ஆண்டுக்கு 65,000 எனும் வரம்புடன் அமைத்தபோது இந்த நிபந்தனையை அதற்கு நீக்கியது. வேலைக்கு வந்தவர் தங்கவும் எண்ணலாம்; இரண்டு எண்ணமும் ஒருங்கே இருக்கலாம். ஆதலின் எச்-1பி விசாவில் பணிபுரியும் பெண் ஒருத்தி குடிமகனை மணந்து நிரந்தர உரிமைக்கு மனுச் செய்தால், மனு நிலுவையில் இருக்கும்போதும் தன் வேலையைத் தொடரலாம். மனுச் செய்தோர்க்குத் தனியே ஒரு வேலை அனுமதி அட்டையும் உண்டு. அதனைப் பயன்படுத்தாமல் எச்-1பி நிலையிலேயே நிற்பாளாயின், அதன் காலம் உள்ளவரை, மணம் முறிந்தோ மனு தள்ளுண்டோ போனாலும் அவளுக்கு நிற்க இடம் உண்டு. கணவன் கையெழுத்தை மட்டும் நம்பியிராத இந்நிலை, எத்தல் மெக்கன்சியும் மேரி தாஸும் காணாத ஒன்று. மகளைப் பொறியியல் படிக்கவைத்த தந்தையார் எவரும் இதனை எண்ணிப் படிக்கவைக்கவில்லை. எனினும் பயன் விளைந்தது.

பரிமாற்ற விசா எனப்படும் ஜே-1 வேறு வகையது. மேற்பயிற்சிக்கு அவ்விசாவில் சென்ற மருத்துவர் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் தங்கிய பின்னரே நிரந்தர உரிமை கோரலாம். அமெரிக்கக் குடிமகளை மணந்தாலும் அவ்விதி தானே விலகாது. தனியே விலக்குப் பெறவேண்டும்.

கிரீன் கார்டு பெற்ற மாப்பிள்ளையின் கதைக்கு இனி வருவோம். 1990-களிலும் 2000-த்தின் முற்பகுதியிலும் நம் குடும்பங்கள் பட்ட பாடு இதுவேயாம். எச்-1பி விசாவில் இருக்கும் பிள்ளை ஊருக்கு வந்து மணம் செய்துகொண்டால், மனைவியை எச்-4 விசாவில் விரைவில் அழைத்துச் செல்லலாம். அதே பிள்ளை கிரீன் கார்டு பெற்றபின் மணந்தால், மனைவி நான்கைந்து ஆண்டு வரிசையில் நிற்கவேண்டும். பார்வையாளர் விசா கேட்டாலும், ‘நீ தங்கிவிடுவாய்’ என்று மறுப்பர். உயர்ந்த நிலையை அடைந்தவன் மனைவியைப் பிரிந்திருக்க, தாழ்ந்த நிலையில் இருப்பவன் குடும்பத்துடன் வாழ்ந்தான்! இவ்விபரீதத்திற்கு நியாயம் எதுவும் எமக்குத் தோன்றவில்லை. தலைத் தீபாவளியைத் தொலைபேசியிலேயே கொண்டாடிய தம்பதியர் அக்காலத்தில் பலர்.

தப்பும் வழி ஒன்று இருந்தது; இருக்கிறது. தொழில் வழியாகக் கணவன் நிரந்தர உரிமை பெறும் நாளுக்கு முன்னரே மணம் நடந்திருந்தால், மனைவியும் அதே வரிசை எண்ணில் பின்தொடர்ந்து உரிமை பெறலாம். ஒரு நாள் முந்தினால் போதும்; ஒரு நாள் பிந்தினால் வேறு வரிசை. ஆகவேதான் ஆடி மாதமென்றும் பாராமல் சிலர் அவசர அவசரமாகத் தாலி கட்டினர். சிலர் பதிவுத் திருமணத்தை முன்னரும் சடங்கை ஆறு மாதம் கழித்தும் நடத்தினர். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம், அதற்கு முன்பே மனுச் செய்து மூன்று ஆண்டு காத்திருந்தவர்க்கு மட்டும் ‘வி’ விசா என்று ஒன்றை அளித்தது. அதற்குப் பின் மனுச் செய்தவர்க்கு அது இல்லை.

பிறந்த நாட்டைப் பற்றியும் ஒரு விதி உண்டு. வரிசை என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்ததன்று. பிறந்த மண்ணைப் பொறுத்தது. கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டில் பிறந்திருந்தால், குடும்பம் பிரியாதிருத்தற் பொருட்டு இருவரில் ஒருவரின் பிறப்பு நாட்டு வரிசையை மற்றவரும் பயன்படுத்தலாம். மதுரையில் பிறந்த எச்-1பி பொறியாளர், யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ பிறந்த தமிழ்ப் பெண்ணை மணந்தால், இந்தியாவின் நெடிய வரிசையை விட்டு இலங்கையின் அல்லது மலேசியாவின் குறுகிய வரிசைக்கு மாறலாம். நம்மவர் கப்பலேறிச் சென்ற பழைய வரலாறு எங்கெங்கோ போய்ப் பயன் தருகிறது!

கடலுக்கு இப்பாலும் ஒரு வேலை உண்டு. நடந்த இடத்தில் செல்லுபடியாகும் மணம் தமக்கும் செல்லும் என்பதே அமெரிக்கரின் நெறி. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். நம் பெரியோர்க்கு நாதஸ்வரமும் ஊராரும் சான்று. பத்திரிகையும் ஒரு நிழற்படமும் இருந்தால் மிகுதி. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலேயே பதிவுக்கு இடமிருந்தும் நாடியவர் சிலரே. எல்லா மணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2006-இல் நம் சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2009-இல் அதற்கெனச் சட்டம் வந்தது. இளந்தம்பதியர் இதனை உடனே செய்துகொள்கின்றனர். இடர்ப்படுவோர் முதியோரே. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ இருபத்தொரு வயது நிரம்பியபின் பெற்றோருக்காக மனுச் செய்யும்போது, தந்தையின் பொருட்டுப் பெற்றோரின் மணச் சான்றிதழும் கேட்கப்படுகிறது. அறுபதாம் கல்யாணமும் கண்ட தம்பதியர் தம் முதற் கல்யாணத்தைப் பதிவு செய்வதற்காகப் பதிவாளர் அலுவலக வாயிலில், அன்று மணமேடையருகே நின்றவர்களில் எஞ்சியிருக்கும் யாரையேனும் சாட்சியாக அழைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கின்றனர்.